தோற்ற சூட்டோடு இன்னொன்று

தோற்றவர்களில் பல வகை உண்டு. தோற்றதும் கைப்பேசியைச் சோபாவில் வீசுகிறவர் ஒரு வகை. சோபா இல்லாத இடத்தில் தோற்றால் இவர் வீசமாட்டார்; அந்த அளவு நிதானம் எப்போதும் கைவசம் இருக்கும். "நெட்டு இழுத்துடுச்சு" என்று காற்றின் மேல் பழிபோடுகிறவர் இன்னொரு வகை. "நான் சும்மா பொழுதுபோக்குக்குத்தான் ஆடறேன்" என்று சிரித்துக்கொண்டே காது சிவக்கிறவர் மற்றொரு வகை. இவர்களால் நாட்டுக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. இவர்களைப் போக விடுவோம். நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது வேறொரு பிறவியை. தோல்வியின் புகை அடங்குவதற்குள், செத்த சிப்பாய்கள் திரையிலிருந்து மறைவதற்குள், பெருவிரல் தானாகப் போய் 'மீண்டும் மோது' என்ற பொத்தானில் உட்கார்ந்துவிடுகிற பிறவி. இவருக்கு 'இன்னொரு தடவைக்காரர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கைப்பேசியில் கோட்டை கட்டும் விளையாட்டை அறியாத பாக்கியவான்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு கோட்டை கட்டுவீர்கள். சுவர் எழுப்புவீர்கள், பீரங்கி வைப்பீர்கள், பள்ளம் தோண்டி மேலே புல் போட்டு மூடுவீர்கள். பிறகு சிப்பாய்களைச் சேர்த்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோ ஒருவர் கட்டிய கோட்டையைத் தாக்கப் போவீர்கள். அந்தக் கோட்டைக்காரர் அப்போது அங்கே இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் வைத்துவிட்டுப் போன சுவரும் பீரங்கியும் பள்ளமும் உங்களோடு சண்டை போடும். உங்கள் வேலை, எந்தப் பக்கம் எவரை இறக்குவது என்று முடிவு செய்வது மட்டும்தான். இறக்கிய பிறகு சிப்பாய்கள் தம்பாட்டுக்குப் போவார்கள். நீங்கள் வேடிக்கை பார்க்கலாம், பல்லைக் கடிக்கலாம்.

இன்னொரு தடவைக்காரரை அடையாளம் காண்பது சுலபம். முதல் தாக்குதலுக்கு முன் அவரைப் பாருங்கள். என்ன பொறுமை, என்ன ஆராய்ச்சி! வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்ப்பதுபோல, எதிரியின் கோட்டையை விரலால் பெரிதாக்கி, சிறிதாக்கி, மூலை மூலையாக நோட்டம் விடுவார். தோற்றதும் முதலில் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவார். திரையைச் சட்டை நுனியால் துடைப்பார். விரல் ஈரத்தால்தான் தோற்றதாக அவருக்குச் சந்தேகம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை அல்லவா? பிறகு நாற்காலியை மாற்றுவார்; அந்த நாற்காலி ராசியில்லாதது. இரண்டாம் முறை கோட்டையை ஒரு பார்வை பார்ப்பார். மூன்றாம் முறை அந்தப் பார்வையும் கிடையாது. இருக்கிற சிப்பாய்களையெல்லாம் ஒரே இடத்தில், கூடையைக் கவிழ்ப்பதுபோலக் கொட்டுவார். தோல்வி ஏற ஏற யோசனை குறையும், பெருவிரலின் அழுத்தம் கூடும். இதை ஒரு விதியாகவே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். இவர், அடுப்பு இன்னும் சுடுகிறதா என்று பார்த்துவர மறுபடி போகிற பூனை. பட்ட காலிலே படும் என்பது ஊர்வழக்கு. இவர் பட்ட காலைத் தூக்கிக்கொண்டு போய் அதே கல்லைத் தேடிப் பிடித்து இடித்துக்கொள்வார்.

நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டும் என்பதற்காக ஒருவரை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறேன். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றின் வாத்தியார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் கரண்டு பில்லில் மட்டும் வரும். அவர் ஏறி உட்கார்ந்தால் கார் ஒரு பக்கம் சற்றுச் சாயும். பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் இவர் மிதிப்பதற்காக. அந்தப் பக்கத்து வெளிக்கண்ணாடியையும் தமக்கு வாகாகத் தம் பக்கமே திருப்பி வைத்திருப்பார். கற்பவர் தேறி, டெஸ்டுக்குத் தயாரானதும், அந்தக் கண்ணாடியை ஓட்டுகிறவர் பக்கம் திருப்பிவிட்டு, "இனிமே இது உங்களுது" என்று சொல்வார். பட்டம் கொடுப்பதுபோல இருக்கும். சிலருக்குக் கண்கூடக் கலங்கியிருக்கிறது.

மாஸ்டரின் புகழுக்குக் காரணம் வேறு. நடுரோட்டில், பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது, வண்டி படக்கென்று அணைந்துபோகும் பாருங்கள், அந்த நேரத்தில் மற்ற வாத்தியார்கள் கத்துவார்கள். மாஸ்டர் கத்தமாட்டார். "கைய எடுங்க. கால எடுங்க. மூச்சு விடுங்க. கண்ணாடியப் பாருங்க. அப்புறம்தான் சாவி" என்பார், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில். அவரிடம் படித்த பல் டாக்டர் அம்மா ஒருவர், பல்லைப் பிடுங்குவதற்கு முன் இந்த வாசகத்தை இன்றுவரை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறாராம். கடைசி இரண்டு சொல்லை மட்டும் மாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதரின் கைப்பேசியில்தான் மனைவியின் தம்பி அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். டெஸ்ட் மைதானத்தில் மாணவர்களுக்காகக் காத்துக் கிடக்கிற நேரத்தில் மாமா சலித்துப்போகக் கூடாதே என்ற நல்லெண்ணம். சில நாள் மாமாவும் கண்ணியமாகத்தான் ஆடினார். சின்னச் சின்னக் கோட்டைகளைப் பிடித்தார். சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். பிறகு ஒரு மத்தியானம், மலை உச்சியில், பனிக்கரடி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவரின் கோட்டை அவர் கண்ணில் பட்டது. தாக்கினார். தோற்றார்.

தோற்றால் என்ன, உலகத்தில் கோட்டைக்கா பஞ்சம்? வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டு போகவேண்டியதுதானே? அதற்கு அந்த விளையாட்டைச் செய்தவர்கள் விடவேண்டுமே. தோற்றவுடன் திரையில் பூ மாரி பொழிந்து, "ஆகா! இன்னும் கொஞ்சம்தான்!" என்று எழுத்துகள் குதித்து வரும். கீழே 'மீண்டும் மோது' என்ற பொத்தான் பச்சைப் பசேலென்று உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். 'திரும்பிப் போ' என்பது மூலையில் சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி. எந்தக் கடைக்காரர் வெளியே போகிற வாசலை அகலமாகக் கட்டுவார்? மாஸ்டர் 'இன்னும் கொஞ்சம்தான்' என்பதை நம்பிவிட்டார். மறுபடி மோதினார். முன்வாசலுக்கு நேரே புல் மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. முதல் தடவை அவருடைய படை அதில்தான் விழுந்தது. இரண்டாம் தடவையும் அதில்தான் விழுந்தது. பிறகு வந்த வாரங்களில் எத்தனை படை அதில் விழுந்தது என்று கேட்காதீர்கள். அந்தப் பள்ளம் நிரம்பி மேடாகாமல் இருந்ததே அதிசயம். பின்வாசல் ஒன்று இருப்பதை மச்சான் காட்டியபோது, அந்த வழியாகப் போனால் தோற்று ஒதுங்கிய மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். இவர் பனிக்கரடியோடு மல்லுக்கு நிற்கிற நேரத்தில் வேறு யாரோ வந்து இவருடைய கோட்டையைச் சூறையாடிவிட்டுப் போவார்கள். அப்படிச் சூறை போனவர் மேல் இரக்கப்பட்டு விளையாட்டு ஒரு கேடயம் கொடுக்கும். கொஞ்ச காலத்துக்கு யாரும் அவரைத் தொட முடியாது. சுவரைப் பூசிக்கொள்ளலாம், படை சேர்க்கலாம், மூச்சு விடலாம். ஒரே நிபந்தனை: சும்மா இருக்கவேண்டும். நாமாகப் போய் யாரையாவது தாக்கினால் அந்த நொடியே கேடயம் உடைந்துவிடும். மாஸ்டருக்குக் கிடைத்த கேடயங்களில் ஒன்றாவது தன் ஆயுசு முடிந்து இயற்கையாகப் போனதில்லை. எல்லாம் அவர் கையாலேயே உடைந்தவை.

"மாமா, கேடயம் இருக்கறப்ப எதுக்குப் போறீங்க? நாளைக்குப் போனா ஆகாதா?" என்று மச்சான் கேட்டான்.

"நாளைக்கு வரைக்கும் சும்மா இருந்தா அவன் என்ன நினைப்பான்?" என்றார் மாஸ்டர்.

அவன் என்றால் பனிக்கரடி. மாஸ்டர் அவனை மனசுக்குள் முழுசாகப் பார்த்திருந்தார். தடித்த கழுத்து, மெத்தை வைத்த நாற்காலி, கையில் எதையோ கொறித்தபடி இவருடைய தோல்வியை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்துச் சிரிக்கிற முகம். சாலையில் யாராவது தடித்த கழுத்தோடு போனால், இவனாக இருக்குமோ என்று ஒரு கணம் உற்றுப் பார்க்கவும் செய்தார்.

இதெல்லாம் கைப்பேசிக்குள்ளேயே நடந்திருந்தால் நமக்கென்ன? ஆனால் இந்தச் சூடு பெட்டிக்குள் அடங்குகிற சூடு இல்லை. மாஸ்டரின் மனைவி, அம்மையார் என்று மரியாதையாகச் சொல்வோம், ஒரு மருத்துவமனையில் கைகால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் புதுப் பொறுப்புக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காரும் கொடுப்பார்கள். ஓட்டிக்கொண்டு போக லைசென்ஸ் மட்டும் அவர் கொண்டுவரவேண்டும். அடுத்த மாதத்துக்குள் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. பல வருஷமாக அவர் காத்திருந்த இடம் அது. வீட்டிலேயே மாஸ்டரை வைத்துக்கொண்டு வெளியில் யாரிடமாவது போய்க் கற்பார்களா? புருஷனிடமே கற்றார். கற்பதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, முதல் டெஸ்டில் பின்பக்கமாக வண்டியை எடுத்து நிறுத்தும்போது ஒரு கம்பை இடித்துத் தோற்கும்வரை.

மாணவர் தோற்றால் மாஸ்டர் என்ன செய்வார்? டீ வாங்கிக் கொடுப்பார். ஒரு வாரம் வண்டிப் பக்கமே வரவேண்டாம் என்பார். மனைவி தோற்றபோது டீயும் இல்லை, வாரமும் இல்லை. மாணவர் தோற்றால் அது மாணவர் தோற்றது. மனைவி தோற்றால் மாஸ்டரல்லவா தோற்றார்? அன்று சாயங்காலமே, அதே சூட்டோடு, காலி மைதானத்துக்கு வண்டியை விட்டார். தண்ணீர் பாட்டில்களைக் கம்பாக நட்டார். "எடு" என்றார். அம்மையார் எடுத்தார். பாட்டில் விழுவதற்கு முன்பே இவர் கால் பிரேக்கை மிதித்தது. "மறுபடி எடு." மறுபடி மிதித்தார். இப்படியே நாள் தவறாமல் நடந்தது. அம்மையாரின் கை ஸ்டியரிங்கில் இருந்ததே தவிர, வண்டி நின்றதெல்லாம் மாஸ்டரின் காலால்தான். அந்தப் பக்கத்துக் கண்ணாடி மாஸ்டர் பக்கமே திரும்பியிருந்தது. இடிக்கப்போகிறதா என்று பார்ப்பதும் அவரே, கத்துவதும் அவரே. பட்டம் கொடுக்கிற சடங்கு இந்த மாணவிக்கு மட்டும் நடக்கவே இல்லை. பனிக்கரடியோடு நடக்கிற சண்டைக்கு நடுவில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கடைசியில் ஒருநாள் அம்மையார் வண்டியை அணைத்துவிட்டுச் சாவியை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க ஸ்டூடண்ட்ஸ் தப்புப் பண்ணினா மூச்சு விடச் சொல்றீங்க. நான் தப்புப் பண்றதுக்கு முன்னாடியே பிரேக்க மிதிக்கிறீங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் பாலத்தடி ஸ்கூல்ல போய்ச் சேந்துக்கறேன்."

பாலத்தடி ஸ்கூல் என்பது மாஸ்டருக்குப் போட்டியாக நடக்கிற ஓட்டுநர் பள்ளி. அங்கே மாஸ்டரின் சொந்த மனைவி போய்ச் சேர்ந்தால் அவர் தம் பெயர்ப்பலகையைக் கழற்றி விறகுக்குப் போடவேண்டியதுதான். ஊருக்குத்தான் உபதேசம் என்பது யார் யாருக்கோ சொன்னது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

இரண்டாவது டெஸ்ட் நாள் வந்தது. வரிசையில் பல பள்ளிகளின் கார்கள். மைதானத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதன் கீழே வாத்தியார்கள் உட்காரும் பெஞ்சு. வண்டிக்குள் டெஸ்ட் கொடுக்கிறவர் தனியாகத்தான் இருக்கவேண்டும். அதிகாரி வெளியே விசிலோடு நிற்பார். அம்மையார் வரிசையில் நின்றபோது, மாஸ்டர் நெஞ்சு படபடப்பைத் தணித்துக்கொள்ள ஒரே ஒரு தடவை என்று கைப்பேசியை எடுத்தார். படபடப்பைத் தணிக்கப் பனிக்கரடியிடம் போகிறவரை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போனார். முன்வாசல், புல், பள்ளம். "ஆகா! இன்னும் கொஞ்சம்தான்!" பச்சைப் பொத்தானில் விரல் உட்கார்ந்தது. மறுபடி பள்ளம். அவர் மூன்றாவது படையை இறக்கிக்கொண்டிருந்தபோது மைதானத்தில் விசில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தார். அம்மையார் ஓட்டிய கார், போன தடவை இடித்த அதே பக்கத்துக் கம்பை இடித்துக்கொண்டு நின்றது.

இங்கே அந்த மைதானத்தின் விதியைச் சொல்லவேண்டும். தோற்றவருக்கு இரண்டு வழி. அமைதியாக வீட்டுக்குப் போய் அடுத்த வாரம் வரலாம். எந்தக் குறையும் இல்லை. அல்லது அன்றைக்கே வரிசையின் கடைசியில் இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம். அப்படிக் கேட்டு அதிலும் தோற்றால், பல மாதத்துக்கு அந்த மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அம்மையாருக்கு அடுத்த வாரம் வந்தாலும் போதும், புதுப் பொறுப்புக்கு நேரம் இருந்தது. சின்னப் பிள்ளைகூட எதைத் தேர்ந்தெடுக்கும் என்று நமக்குத் தெரியும்.

அதிகாரி கையில் கணினிப் பலகையோடு கொட்டகைப் பக்கம் வந்தார். "என்ன மாஸ்டர், இன்னிக்கே மறுபடியா?" என்று கேட்டார்.

"ஆமா சார், மறுபடி" என்றார் மாஸ்டர்.

வாய் சொன்னதா, பெருவிரல் சொன்னதா என்று அவருக்கே தெரியாது. அம்மையார் காரைவிட்டு இறங்கக்கூட இல்லை. அதிகாரி பலகையில் தட்டிவிட்டுப் போய்விட்டார். பிறகுதான் மாஸ்டருக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டார், கெஞ்சினார். ஏற்றியதை எடுக்க முடியாது, வராமல் போனாலும் தோற்றதாகவே கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். மனைவியின் கேடயத்தையும் தம் கையாலேயே உடைத்துவிட்டு மனிதர் வெயிலில் நின்றார்.

அம்மையார் விஷயத்தைக் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் மாஸ்டருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு இவரும் கத்தியிருப்பார், இன்னொரு யுத்தம் தொடங்கியிருக்கும். அவர் கையை மட்டும் நீட்டினார். மாஸ்டர் கைப்பேசியைக் கொடுத்தார். "போய்த் தண்ணி வாங்கிட்டு வாங்க. மெதுவா வாங்க" என்றார் அம்மையார்.

மாஸ்டர் போனார். அம்மையார் வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்த காரில் தனியாக உட்கார்ந்தார். கையை எடுத்தார். காலை எடுத்தார். மூச்சு விட்டார். முடங்கிய கால்களோடு பழகியவர் அவர். விழுந்தவரை அதே நொடியில் எழுப்பி நடக்கவிடக் கூடாது, எங்கே தடுக்கியது என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது அவருடைய தொழில் பாடம். எனவே, கணவரின் வாசகத்தில் அடுத்து வந்ததைச் செய்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

மாஸ்டர் தண்ணீரோடு திரும்பியபோது அம்மையார் அவரைச் சன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"இந்தப் பக்கத்துக் கண்ணாடியில எனக்கு என்ன தெரியுது தெரியுமா? கம்பு தெரியல. கொட்டகை தெரியுது. பெஞ்சு தெரியுது. கொஞ்ச நேரம் முன்னாடி, நான் வண்டிய ரிவர்ஸ் எடுத்தப்ப, நீங்க தலையக் குனிஞ்சு ஆடிட்டிருந்தது தெரிஞ்சுது."

மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார். அது அவர் பக்கம் திரும்பியிருந்தது. போன டெஸ்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஊரில் உள்ள பல் டாக்டர், பால்காரர், பாட்டு வாத்தியார் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்த கண்ணாடியை வீட்டுக்காரிக்குத் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறார். முதல் தடவை தோற்றபோது ஒரே ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கிற நேரத்தில்தான் பாட்டில் நட்டுக்கொண்டிருந்தாரே. அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமான வெட்கம், சட்டை நுனியால் துடைத்துப் போக்க முடியாத வெட்கம்.

அவர் காரைச் சுற்றிப் போய்க் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினார். "இன்னும் கொஞ்சம்" என்றார் அம்மையார். திருப்பினார். "இன்னும் கொஞ்சம். போதும்." மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இனிமே இது உன்னுது" என்றார்.

காத்திருந்த நேரத்தில் அம்மையார் மற்றவர்கள் ரிவர்ஸ் எடுப்பதை, ஒரு பார்வை அந்தக் கண்ணாடியிலும் ஒரு பார்வை அவர்கள் வண்டியிலுமாகக் கவனித்தார். மாஸ்டர் கொட்டகையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசி இல்லாத கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முறை வந்தது. கார் பின்னால் போனது, வளைந்தது, கம்புகளுக்கு நடுவே நத்தைபோல நுழைந்தது, நின்றது. கொட்டகையில் மாஸ்டரின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தபடி தரையில் அழுந்தியிருந்தது. விசில் அடிக்கவில்லை. அதிகாரி பலகையில் ஏதோ தட்டிவிட்டு, "பாஸ். அடுத்த வண்டி" என்றார். அவ்வளவுதான். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பூ மாரி எதுவும் பொழியவில்லை. நிஜத்தில் ஜெயிக்கிறவர்களுக்கு அதெல்லாம் கிடையாது.

திரும்பும்போது அம்மையார்தான் ஓட்டினார். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் பிரேக்கின் மேல் வைத்த காலை எடுத்து, இருக்கைக்கு அடியில் பத்திரமாக மடக்கி வைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் செய்த பெரிய தியாகம் அது. அம்மையாரும் அதைக் கவனித்தார். சிக்னலில் வண்டி நின்றபோது பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"ஆமா, அந்தப் பனிக்கரடி யாருங்க? என்ன பண்றாராம்?"

மாஸ்டர் யோசித்தார். இத்தனை நாளில் அவர் 'மீண்டும் மோது' என்பதைத் தொட்டிருக்கிறாரே தவிர, அந்தப் பெயரை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டார். ஒரு சின்னப் பலகை திறந்தது. இந்தக் கோட்டைக்காரர் விளையாட்டுக்குக் கடைசியாக வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அதில் எழுதியிருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல்! அப்படியானால் மாஸ்டர் முதல் படையை இறக்குவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். தடித்த கழுத்து இல்லை, மெத்தை நாற்காலி இல்லை, சிரிப்பும் இல்லை. மறந்துபோன ஒரு பள்ளத்தோடு மாஸ்டர் இத்தனை வாரம் மானப் போர் நடத்தியிருக்கிறார். "அவன் என்ன நினைப்பான்?" அவன் எதுவுமே நினைக்கவில்லை. இப்படி ஒருவர் உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

மாஸ்டர் நீண்ட பெருமூச்சு விட்டார். அம்மையார் அவரைப் பரிவோடு பார்த்தார். மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது என்று அம்மையார் நினைத்தார். நானும் நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். சிக்னல் பச்சையானது. அம்மையார் கண்ணாடியைப் பார்த்து வண்டியை எடுத்தார்.

"ஆளே இல்லயாமே" என்று மாஸ்டர் தமக்குள் முணுமுணுத்தார். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. "அப்ப ஈஸியாச்சே." பெருவிரல் போய்ப் பச்சைப் பொத்தானில் உட்கார்ந்தது. முன்வாசல் வழியாகத்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குக் கைப்பேசியில் கோட்டையே கிடையாது, தெரியும். நேற்று மனைவியோடோ மேலதிகாரியோடோ நடந்த வாக்குவாதத்தில் தோற்றுவிட்டு, இன்று காலை பல் தேய்க்கும்போது கண்ணாடி முன்னால் அதை மறுபடி ஆடி, இந்தத் தடவை ஜெயித்தவர் நீங்கள் இல்லை என்றும் தெரியும். பதில் வராத செய்திக்குக் கீழே அதே செய்தியைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு தடவை அனுப்பியவரும் நீங்கள் இல்லை. எதிரி எப்போதோ மறந்துவிட்டுப் போன இடத்தில் இன்னமும் படை இறக்கிக்கொண்டிருப்பவர் நீங்கள் சத்தியமாக இல்லை.

"நான் அந்த ஆள் இல்லை" என்கிறீர்கள். சரி. நான் நம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, மறுபடி சொல்கிறீர்கள். அதுவும் போன தடவையைவிடக் கொஞ்சம் சத்தமாக.